புது வண்டியை மெதுவாக ஓட்டலாமா?

கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அறிவுரை ஆரம்பித்துவிடும். "முதல் சர்வீஸ் வரைக்கும் அறுபதைத் தாண்டாதே. என்ஜின் செட் ஆகட்டும்." சொல்கிறவர் பெரும்பாலும் அம்பாசடரோ பழைய புல்லட்டோ வைத்திருந்தவராக இருப்பார். அவர் வண்டிக்கு அது சரியான அறிவுரைதான். இன்றைய காருக்கு அதில் பாதி தேவையே இல்லை. மீதியிலும் கொஞ்சம் கெடுதல்.

செட் ஆவது எது? முக்கியமாக, சிலிண்டரின் உள்சுவரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய இடுக்கு உண்டு. மேலே எரியும் வாயு அதன் வழியே கீழே நழுவாமலும், கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறிப் புகையாகாமலும் காப்பவை அந்த ரிங்குகள். மேல் ரிங்கின் தடிமன் இன்றைய கார்களில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

சுவர் கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் வழவழப்பான சுவரில் ஆயில் நிற்காது. அதனால் சாணைக்கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து, சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுகிறார்கள். ஹோனிங் என்று பெயர். போர் போட்ட சிலிண்டரை லேத் பட்டறையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்ன வைர வடிவங்கள் மின்னும். அம்மி கொத்துவதைப் போன்ற வேலை இது. கொத்தாத கல்லில் எதுவும் அரைபடாது. கொத்திய புதிதில் அரைத்ததை வாயில் வைக்க முடியாது. கல்துகள் போகும்வரை தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும்.

அந்த முதல் அரைப்பைப் பழைய என்ஜின்களில் வண்டி வாங்கியவரே செய்ய வேண்டியிருந்தது. கோடுகளின் கரடான முகடுகளை ரிங்குகள் சீவித் தள்ளும். சீவிய இரும்புத் தூள் ஆயிலில் கலக்கும். அதனால்தான் 500 கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றச் சொன்னார்கள். உரசலில் சூடு ஏறும். விரட்டினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். 1950களில் பிரிட்டனில் புதுக் கார்க்காரர்கள், வண்டி இன்னும் பழகவில்லை, முந்திப் போய்க்கொள்ளுங்கள் என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள்.

இப்போது அந்த வேலையின் பெரும்பகுதி தொழிற்சாலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முதலில் கரடான கல்லால் ஆழமான கோடுகள். அடுத்து மென்மையான கல்லால் முகடுகளை மட்டும் சீவல். பள்ளங்கள் ஆயிலுக்காக அப்படியே நிற்கும், மேற்பரப்பு ஏற்கெனவே ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதுபோல் தட்டையாக இருக்கும். இதைவிட எனக்கு வியப்பான இன்னொன்று உண்டு. சிலிண்டர் ஹெட்டை போல்ட் போட்டு முறுக்கும்போது, கீழே இருக்கும் சிலிண்டரின் வட்டம் சில மைக்ரான் கோணிப்போகும். அதற்காக, ஹெட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கனமான தகட்டை அதே இறுக்கத்தில் முடுக்கிவைத்துவிட்டு ஹோனிங் செய்யும் முறை இருக்கிறது. தகட்டைக் கழற்றியதும் துளை கோணலாகிவிடும். ஹெட் ஏறியதும் மறுபடி வட்டமாகும். கோணலாக நிற்கத் தெரிந்தே செய்த வட்டம்!

அப்படியானால் வாங்குகிறவருக்கு மிச்சம் என்ன வேலை?

ரிங்குக்கென்று இருக்கும் விறைப்பு கொஞ்சம்தான். சுவரோடு அதை அழுத்திப் பிடிப்பது எரியும் வாயு. பிஸ்டனில் ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் வாயு புகுந்து, ரிங்கின் முதுகுப்பக்கம் நின்று வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அழுத்தம் கூடும், ரிங் சுவரில் பதிந்து தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். மிதிக்காமலே உருட்டினால் ரிங் மேலோட்டமாக வழுக்கிக்கொண்டு போகும். சுவரில் தங்கிய ஆயில் வெந்து, வார்னிஷ் பூசியதுபோல் இறுகி, கோடுகளை அடைத்துவிடும். அதன் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் பதியாது, வண்டி ஆயில் குடிக்கும். பிரித்து மறுபடி ஹோனிங் போடுவதுதான் வழி.

இதில் சந்தேகம் இருப்பவர்கள் சிறு விமானங்களைப் பார்க்கலாம். செஸ்னா 172 போன்றவற்றுக்கு என்ஜின் தரும் அமெரிக்காவின் லைகாமிங் நிறுவனம், புது சிலிண்டர் போட்ட பிறகு 65 முதல் 75 சதவீத சக்தியில் பறக்கச் சொல்கிறது. மொத்தம் 50 மணி நேரம் ஆகும்வரை, அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை. காற்றால் குளிரும் அந்த என்ஜின்களில் சுவர் சீக்கிரம் மெழுகிப்போகும் என்பதால் இந்தக் கண்டிப்பு. நம் வீடுகளிலோ, புதுக் காரைப் போர்வை போட்டு மூடி, தினம் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். புது என்ஜினுக்கு அன்போடு செய்யும் தீங்கு அது.

தொழிற்சாலையால் முடித்து அனுப்ப முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது, அது வேதியியல். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் என்ஜினில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை நின்று திரும்புகிறது. ஓடும்போது ரிங் ஆயில் படலத்தின் மேல் மிதக்கும். உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். மிகவும் ஓடிய என்ஜினைப் பிரித்தால், சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தில் தட்டும் ஒரு படி தெரியும். ரிங் நின்று திரும்பித் திரும்பித் தேய்த்த இடம். அங்கே காவலுக்கு வருவது ஆயிலில் கரைந்திருக்கும் ஜிங்க் டைஆல்கைல் டைதையோபாஸ்பேட். சூட்டிலும் அழுத்தத்திலும் அது சிதைந்து, உலோகத்தின் மேல் பாஸ்பேட் கண்ணாடிபோன்ற ஒரு தோலாகப் படிகிறது. தடிமன் நம் தலைமுடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 2015இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கார்பிக்கும் சக ஆய்வாளர்களும் நுண்ணோக்கி ஒன்றின் ஊசிமுனையால் உரசியபடியே இந்தத் தோல் வளர்வதை அளந்தார்கள். அழுத்தம் கூடக்கூட வளர்ச்சியும் மளமளவென்று கூடியது. எங்கே தேய்மானம் அதிகமாக வருமோ அங்கேதான் தோலும் வேகமாக வளர்கிறது. ஓடாத என்ஜினுக்கு அதைப் பூசி அனுப்ப யாராலும் முடியாது.

விரட்டலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும். அப்போது முறுக்குவது எந்த வயதிலும் கெடுதல். கியர் பற்களும் ஒன்றுக்கொன்று பழகவேண்டும். பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் என்ஜின் ஆயிலையும் டிஃபரென்ஷியல் ஆயிலையும் மாற்றும் தனி சர்வீஸே உண்டு.

சுசூகியின் கையேடு முதல் 960 கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு சொல்கிறது. அதென்ன 960 என்று விழிக்கவேண்டாம், 600 மைலைப் பெருக்கிப் போட்ட கணக்கு. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, வேகத்தை மாற்றி மாற்றிப் போ என்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் கிளம்பாதே, மேல் கியரில் மெதுவாக உருட்டாதே என்கிறது. புறவழிச்சாலையில் அறுபதிலேயே பிடித்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் போகிறவர் இதில் முதல் விதியை மீறுகிறார். ஏறி இறங்கும் வேகத்தோடு மேடும் பள்ளமுமான ஊர்ச்சாலைதான் நல்லது. கூடவே இன்னொரு வரி, யாரும் கவனிக்காதது: முதல் 320 கிலோமீட்டர் சடன் பிரேக் போடாதே. பிரேக் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராக ஒட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும். என்ஜினை அறுபதில் வைத்துப் பொத்திக் காப்பவர்களும், ஷோரூம் வாசலைத் தாண்டி முதல் சிக்னலிலேயே பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுகிறார்கள்.