பாட்டி ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

சில மாதங்களுக்கு முன்பு என் வானொலி நிகழ்ச்சியில் ஒரு நாவலைப் பற்றிப் பேசினேன். பினாங்கில் பிறந்த தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்'. 2012-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது, பிறகு மேன் ஆசிய இலக்கியப் பரிசையும் வென்றது. கதை நடப்பது நம் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி. 2019-இல் படமாகவும் வந்தது. இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லி முடித்ததும் ஒரு நேயர் அழைத்தார். வயதான குரல்.

"ஏம்மா, அந்தக் கதையில நம்ம ஆளுங்க என்னா பண்றாங்க?"

"கொழுந்து எடுக்கிறாங்க, அங்கிள்."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்று சொல்ல மனம் வரவில்லை. பாடல் ஒன்றைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. நான் ரிங்லட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அந்த நாவலை இரண்டு முறை படித்திருக்கிறேன். இரண்டு முறையும் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது அதிலிருக்கும் தண்ணீர்தான்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். ஜப்பானியர் ஆட்சியில் ஒரு முகாமில் அடைக்கப்பட்டுத் தப்பி வந்த ஒரே பெண் தியோ யுன் லிங். அவளுடைய அக்காள் யுன் ஹோங் அங்கேயே இறந்துபோனாள். அந்த முகாம் எந்தக் காட்டில் இருந்தது என்பதுகூட யுன் லிங்கிற்குத் தெரியாது. அக்காளுக்கு ஒரு கல்லறை கிடையாது. ஜப்பானியத் தோட்டங்கள் மீது அக்காளுக்கு உயிர். அவள் நினைவாக ஒரு தோட்டம் அமைக்க வேண்டும் என்று 1951-இல் யுன் லிங் கேமரன் மலை ஏறுகிறாள். ஜப்பானியப் பேரரசரிடம் தோட்டக்காரராக இருந்த அரிதோமோ என்பவரிடம் போய்க் கேட்கிறாள். அவர் முடியாது என்கிறார். வேண்டுமானால் பருவமழை தொடங்கும்வரை என்னிடம் வேலை கற்றுக்கொள், பிறகு நீயே அமைத்துக்கொள் என்கிறார். பல ஆண்டுகள் கழித்து, நீதிபதியாக ஓய்வு பெற்ற யுன் லிங், நோயினால் மொழியும் நினைவும் நழுவப்போகிறது என்று தெரிந்ததும் மறுபடி அதே தோட்டத்துக்கு வருகிறாள். மறப்பதற்கு முன்னால் எழுதி வைத்துவிட வேண்டும்.

இந்தக் கதையில் தண்ணீர் எல்லா இடத்திலும் இருக்கிறது. அரிதோமோவின் தோட்டத்துக்குப் பெயர் யூகிரி, மாலை மூடுபனி. அவள் கற்றுக்கொள்ளும் காலத்துக்கு எல்லை மழை. நடுவே ஒரு குளம், சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு நீர்ச்சக்கரம். மூடுபனி வந்தால் மலை மறைகிறது, விலகினால் மலை அங்கேயே இருக்கிறது. மறதியும் அப்படித்தான் வருகிறது, போகிறது. பக்கத்துத் தேயிலைத் தோட்ட முதலாளியின் வீட்டில் இரண்டு சிலைகள். ஒன்று நினைவின் தேவதை நெமோசினி, கிரேக்கக் கதைகளில் வருபவள். மற்றொன்று அவளுடைய இரட்டைச் சகோதரி, மறதியின் தேவதை. அவளுடைய பெயர் யாருக்கும் நினைவில்லை. அதே கிரேக்கக் கதைகளில் இறந்தவர்கள் குடித்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும் ஒரு ஆறு உண்டு, லேத்தி. நினைப்பும் மறப்பும் தண்ணீரில் கலந்தே இருக்கின்றன என்ற பழைய எண்ணத்தைத்தான் தான் துவான் எங் நம்முடைய குளிரான மலைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

ஜப்பானியத் தோட்டக் கலையில் 'ஷக்கேய்' என்று ஒன்று. தூரத்து மலையையும் மேகத்தையும் தோட்டத்தின் ஒரு பகுதிபோலத் தெரியும்படி அமைப்பது. கடன் வாங்கிய காட்சி என்று பொருள். நாவலில் அது திரும்பத் திரும்ப வருகிறது. முதல் முறை படித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். கடன் என்ற சொல்லும் தண்ணீரும் எங்கள் வீட்டில் வேறு மாதிரி சேர்ந்திருந்தன.

நீர்க்கடன் என்பது அந்தச் சொல். இறந்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது. அது நாம் வாங்கும் கடனல்ல, கொடுக்க வேண்டிய கடன்.

பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு ஆறு, ஏழு வயது இருக்கும்போது அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து இருக்கின்றன. தமிழர்களுக்கு அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. அதே ஊரின் புத்த ஆலயம் ஒன்றில் 2023-இல்தான் அவர்களுக்கு ஒரு நடுகல் நடப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து.

பாட்டியின் அப்பா திரும்பவில்லை. செத்துவிட்டார் என்ற சேதியும் வரவில்லை. பாட்டியின் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. செத்த நாள் தெரியாது, திதி தெரியாது, அதனால் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஆடி அமாவாசையைக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாராம். பாட்டிக்கு அண்ணன் தம்பி இல்லை. பெண்கள் தர்ப்பணம் செய்யக்கூடாது என்று சொன்னவர்களும் உண்டு. பாட்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமாகி 1950-களில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகும், ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் விடியலில் லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டார்.

சின்ன வயதில் கூடவே போவேன். கால் விறைத்துவிடும். ஒருமுறை கேட்டேன்: "இந்தத் தண்ணி எங்க பாட்டி போவுது?"

"சயாமுக்கு."

பள்ளியில் புவியியல் படித்தபோது பாட்டி சொன்னது உண்மைதான் என்று கண்டுபிடித்து மகிழ்ந்தேன். எங்கள் ஆறு பெர்தாம் ஆற்றில் விழும். பெர்தாம் தெலோமில், தெலோம் ஜெலாயில், ஜெலாய் பகாங் ஆற்றில். பகாங் ஆறு பெக்கானில் தென்சீனக் கடலைச் சேரும். குவாய் ஆறுகள் காஞ்சனபுரியில் கூடி, மே குளோங் என்ற பெயரில் தாய்லாந்து வளைகுடாவுக்குப் போகின்றன. இரண்டும் ஒரே நீர்ப்பரப்பு. தகப்பனும் மகளும் கடலில் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று கட்டுரைகூட எழுதினேன்.

நாவலைப் பற்றி நிகழ்ச்சிக்குக் குறிப்பெடுக்கும்போதுதான் மற்றதைப் படித்தேன். 1963-இல் ரிங்லட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை கட்டி முடித்தார்கள். மின்சாரத்துக்காகத் தெலோம் தண்ணீரைக் குகை வழியாகப் பெர்தாமுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ரிங்லட் ஏரியில் தேக்கி, அங்கிருந்து மலையைக் குடைந்து மேற்கே பேராக் பக்கம் இறக்கிவிட்டார்கள். எங்கள் லயத்துத் தண்ணீரின் பெரும்பங்கு அதன் பிறகு தென்சீனக் கடலுக்குப் போகவே இல்லை. மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பாட்டி அரை நூற்றாண்டுக்கும் மேல் ஊற்றிய தண்ணீர் தப்பான கடலில் சேர்ந்திருக்கிறது.

நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இதைப் படித்த பிறகு நாவலின் குளமும் நீர்ச்சக்கரமும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. அது நல்ல நாவல், மறுக்கவில்லை. ஆனால் அதில் தண்ணீர் பெரும்பாலும் பார்ப்பதற்கு. உட்கார்ந்து, பார்த்து, நினைப்பதற்கு. எங்கள் ஆட்களுக்கு மூடுபனி அப்படி இருந்ததில்லை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலை. மழையில் நனைந்தால்தான் கொழுந்து தழைக்கும், கொழுந்து தழைத்தால் அதே மழையில் நனைந்து அதை எடுக்க வேண்டும். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக், கணுக்காலில் அட்டை, அடுப்பு மேல் கயிறு கட்டி மூன்று நாளாகியும் காயாத துணி. பாட்டியின் இருமல் எங்கள் வீட்டுக் கடிகாரம். இப்போது கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன, மலைச்சரிவில் நனைபவர்கள் பெரும்பாலும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும். அவர்களுடைய மூடுபனியை யார் எழுதுவார்களோ.

நம் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' சயாம் ரயிலைப் பற்றிய நாவல்தான். தான் துவான் எங்கைப் படித்தவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அக்காளுக்குத் தோட்டம் அமைக்க அலையும் யுன் லிங்கும், திதி தெரியாமல் அமாவாசையைப் பிடித்துக்கொண்ட பாட்டியும் ஒரே போரில் ஆளைத் தொலைத்தவர்கள். ஒருத்திக்கு ஒரு குளம் வாய்த்தது. இன்னொருத்திக்கு லயத்து ஆறு.

அந்த ஆறும் இன்று பழைய ஆறாக இல்லை. மேலே காடழித்து, பிளாஸ்டிக் கூரை போட்டுக் காய்கறி பயிரிடுகிறார்கள். மழை பெய்தால் தேத்தாரேக் நிறத்தில் ஓடுகிறது. மண் முழுக்க ரிங்லட் ஏரியில் போய்ப் படிகிறது. 2013 அக்டோபரில் ஓர் இரவு கனமழையில் ஏரி நிரம்பி, அணை திறக்கப்பட்டு, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. இலக்கியத்தில் தண்ணீரைக் குறியீடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆற்றோரத்தில் வீடு இருப்பவர்களால் முடியாது.

பாட்டி இறந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆடி அமாவாசைக்கு முன்தினம்தான் குகை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். மெதுவாக, ஏதோ சாவுச் செய்தி சொல்வதுபோல. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"தெரியுமே. உங்க தாத்தாவே அந்தக் குகை வேலைக்கு மண்ணு வாரப் போனவருதான். பாட்டிக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எங்கிட்ட சயாமுக்குப் போவுதுன்னு சொன்னாங்க?"

"நீ கேட்ட. சின்னப் புள்ள கேட்டா ஏதாவது சொல்லணும்ல."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. பிறகு, ரிங்லட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகக் கோல லிப்பிஸுக்குச் சாலை இருக்கிறது, அங்கே ஓடுவது ஜெலாய், அது கிழக்கேதான் போகிறது என்றேன்.

அம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் மூடுபனி, விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போனேன். அம்மா எள்ளை மைலோ டின்னில் போட்டு, மூடியை இறுக்கி, மடியில் வைத்திருந்தார்.