பல் போன பின் தாடை எலும்பு

மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்ற அச்சம் நம்மிடையே பழையது. பள்ளிக்கரணை, இரத்தினமங்கலம், காட்டாங்குளத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் பல இருந்தும், அந்த அச்சத்தை இன்றும் கேட்க நேர்கிறது. பார்வை நரம்பு வேறு, பற்களுக்கு உணர்வூட்டும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வைக்குக் கேடில்லை. உண்மையான இழப்பு நேர்வது பல்லைத் தாங்கிய தாடை எலும்பில்தான். பல் போனால் சொல் போச்சு என்றனர் முன்னோர். எலும்பும் போகிறது என்பது உயிரியல் சேர்த்துச் சொல்லும் செய்தி.

பல்லை எடுத்த சில நிமிடங்களில் பற்குழியைக் குருதி நிரப்பி உறைகிறது. தட்டணுக்களும் நார்ப்புரதமும் பின்னிய அவ்வுறைகட்டிதான் பின்வரும் பணிகள் அனைத்துக்கும் அடித்தளம். முதல் இரண்டு நாள்களில் வெள்ளணுக்கள் புகுந்து நுண்ணுயிர்களையும் சிதைந்த திசுவையும் அகற்றுகின்றன. ஒரு வாரத்துக்குள் புதிய குருதிக்குழல்கள் துளிர்த்து, உறைகட்டி இருந்த இடத்தைச் செந்நிற இளந்திசு பிடித்துக்கொள்கிறது. அடுத்துக் குழியின் அடியிலிருந்தும் சுவர்களிலிருந்தும் எலும்பாக்கும் உயிரணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. கால் எலும்பு முறிந்தால் பெரும்பாலும் முதலில் குருத்தெலும்பு உருவாகி, அதன்பின் எலும்பாக மாறும். பற்குழியிலோ அந்த இடைநிலை இல்லை. எலும்பு நேரடியாகவே படிகிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேலே ஈறு மூடிக்கொள்ள, உள்ளே ஒழுங்கற்ற பின்னலெலும்பு நிறைந்து வரும். அது உறுதியான அடுக்கெலும்பாக மாறப் பல மாதங்கள் ஆகும். இந்த வேகம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும்.

மருத்துவர் பஞ்சுத்துணியை மடித்துக் குழியின்மேல் வைத்து, “நல்லா கடிச்சுக்கோங்க, எச்சில் துப்பாதீங்க, விழுங்கிடுங்க, இன்னிக்கு வாய் கொப்பளிக்க வேண்டாம்” என்று சொல்லி அனுப்புவது இந்த உறைகட்டியைக் காக்கவே. காறித் துப்பினாலும் உறிஞ்சுகுழலால் இளநீர் குடித்தாலும் வாய்க்குள் ஏற்படும் இழுவிசை அதைப் பெயர்த்துவிடக்கூடும். புகைப்போருக்கு இடர் இன்னும் மிகுதி. உறைகட்டி பெயர்ந்தாலோ கரைந்தாலோ எலும்பு வெளிப்பட்டு, இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் காது வரை பரவும் கடுவலி எடுக்கும். வறள்குழி எனப்படும் இந்நிலை கீழ்க் கடைவாய்ப் பற்களிடத்தில்தான் மிகுதி. குழியைக் கழுவி, கிராம்பெண்ணெய்ச் சத்துள்ள மருந்துப் பொதி வைத்து வலியைத் தணிப்பர்.

எல்லாம் செவ்வனே ஆறினாலும் தாடை பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. பல்லின் வேரையும் எலும்பையும் இணைக்கும் நார்கள் ஊன்றி நிற்கும் மெல்லிய எலும்புப் படலம் ஒன்று பற்குழியின் உட்சுவரில் உண்டு. அது பல்லுக்காகவே அமைந்தது. கொடி பட்டபின் பந்தலைப் பிரித்துவிடுவதுபோல, பல் போனதும் எலும்பரிக்கும் உயிரணுக்கள் அதைக் கரைத்துவிடுகின்றன. 2005-இல் அராவுசோ, லிண்டே ஆகியோர் நாய்களில் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மேல் முன்பற்களில் உதட்டுப்பக்கச் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. அதன் பெரும்பகுதி இந்தப் படலமே. எனவே இழப்பு அங்கே மிகுகிறது. டென்மார்க்கில் மனிதரின் பின்பற்களிடத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. அதில் சராசரியாக 12 மில்லிமீட்டராக இருந்த தாடை விளிம்பின் அகலம் ஓராண்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டராகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் மூன்றில் இரு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்தது.

இவ்வியல்பு மனிதகுலத்தளவு பழையது. இதைக் காட்டும் எலும்பு கிடைத்த இடம் ஜார்ஜியா நாட்டின் திமனிசி. 17 இலட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய அங்குள்ள மண்டையோடு ஒன்றில் ஒரே ஒரு பற்குழியைத் தவிர ஏனையவை எலும்பால் நிரம்பி, தாடை விளிம்பும் தேய்ந்திருக்கிறது. பற்களை இழந்தபின் அந்த மண்டையோட்டுக்குரியவர் பல்லாண்டு வாழ்ந்தார் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டியது அந்தத் தேய்வைக் கொண்டே.

ஆறும் ஆற்றலைக் குறைக்கும் காரணங்களும் உண்டு. கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். எலும்புத் தேய்வுக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள் எலும்பரிக்கும் உயிரணுக்களை ஒடுக்குவதால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் மடியக்கூடும். 2003 முதல் மருத்துவ உலகம் இதை அறியும். ஆகவே, பல் எடுக்குமுன் உட்கொள்ளும் மருந்துகளை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பிரண்டை உதவாதா என்று கேட்பவர் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய நிறுவனமே கொண்டுள்ள சித்த மருத்துவத்தில், முறிந்த எலும்பைப் பொருத்தும் மூலிகையாக அது போற்றப்படுகிறது. வாரணாசியில் உடுப்பா, பிரசாத் ஆகியோர் 1960-களில் விலங்குகளில் செய்த ஆய்வுகளும் எலும்பு முறிவு விரைந்து கூடியதைக் காட்டின. ஆயினும் முறிவு கூடுவது வேறு, பல்லை நம்பியிருந்த சுவரைத் தக்கவைப்பது வேறு. பிரண்டைத் துவையல் நல்ல உணவு. கரையும் விளிம்பை அது நிறுத்தும் என்பதற்குச் சான்றில்லை.

பற்குழியில் எலும்புத்தூள் இட்டு மூடினால் சுருக்கம் குறையும், முற்றிலும் நிற்காது. சுவீடனின் பிரோனெமார்க் 1952-இல் முயல்களில் டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதைக் கண்டு, 1965-இல் மனிதத் தாடையில் டைட்டானியப் பல்வேர் பொருத்தினார். அவ்வேரை ஊன்றவும் போதிய அகலமுள்ள எலும்பு வேண்டும். கழற்றி மாட்டும் பல்செட்டும் அந்த விளிம்பின்மேல்தான் அமர்கிறது. விளிம்பு தேயத் தேய அது தளர்ந்து ஆடும். எனவே காக்கக்கூடிய பல்லைக் காப்பதே முதல் மருத்துவம். எடுத்தே தீரவேண்டுமெனில், நாள் குறிக்கும்போதே அவ்விடத்தில் அடுத்து என்ன வைக்கப் போகிறோம் என்று மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். புண் ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டால், இழக்கவிருக்கும் எலும்பில் பெரும்பகுதி அதற்குள் கரைந்து முடிந்திருக்கும்.