நழுவும் தோளும் நாள்தோறும் பயிற்சியும்

சடுகுடு ஆட்டத்தில் எதிரணியினர் கையைப் பிடித்திழுக்க, தோள் கழன்று வீடு திரும்புகிறான் ஓர் இளைஞன். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களில் உடனே எழும் சொல், "புத்தூருக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்பதே. புத்தூர்க் கட்டு தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றதுதான். எனினும், முறிந்த எலும்பு வேறு. கழன்ற மூட்டு வேறு. எலும்பு கூடிவிட்டால் கவலை தீர்ந்தது. தோள் மூட்டோ, இடத்தில் அமர்ந்த பின்னரும் மறுபடி நழுவக்கூடும். இளம் வயதினர்க்கே அவ்வபாயம் மிகுதி.

தோளின் அமைப்பே இதற்குக் காரணம். ஆழமற்ற சிறு தட்டின்மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போன்றது அம்மூட்டு. விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையமும், இணைப்பு நார்களும், சூழ்ந்துள்ள நான்கு தசைகளும் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. அடிபட்டுத் தோள் கழலும்போது அவ்வளையம் முன்புறத்தில் கிழிவதை, ஆங்கில மருத்துவர் பாங்கார்ட் 1923-இல் எடுத்துரைத்தார். கிழிந்ததைப் பயிற்சி தைத்துவிடாது. ஆனால் தசைகளை விழிப்புள்ள காவலர்களாக்கும்.

பயிற்சி யாருக்குப் பலிக்கும்? அமெரிக்க மருத்துவர்கள் பர்க்ஹெட், ராக்வுட் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. அடிபடாமலே தளர்ந்திருந்த 66 தோள்களில் 53 பயிற்சியால் நன்கு தேறின. அடிபட்டதால் நழுவத் தொடங்கிய 74 தோள்களில் 12 மட்டுமே அவ்வாறு தேறின. ஆகவே, முதல் வகையினர் பயிற்சியையே முதன்மையாக நம்பலாம். இரண்டாம் வகையினர் பயிற்சியோடு அறுவை மருத்துவரின் ஆலோசனையையும் பெறுதல் வேண்டும்.

தோள் கழன்றவுடன் வீட்டிலோ மைதானத்திலோ கையை இழுத்துப் பொருத்த முயலலாகாது. நரம்பும் இரத்தக்குழாயும் பழுதுபடக்கூடும். துணியால் கையைத் தாங்கலிட்டு மருத்துவமனைக்குச் சென்று எக்ஸ்ரே எடுப்பதே முறை.

மூட்டு அமர்ந்தபின், பிஸியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் பயிற்சி படிப்படியாக வளரும். முதலில் விரல், முழங்கை அசைவுகள். பின்னர் தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்திப் பழகுதல். அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பட்டையை உள்ளும் புறமும் இழுத்தல். பிறகு சுவரில் கையூன்றித் தள்ளுதல். பந்தெறிவது போல் கையை உயர்த்திப் பின்னுக்கு வளைப்பது கடைசிப் படியாகும். அவசரப்பட்டு அதனை முதலில் செய்பவனுக்கே தோள் மீண்டும் கழலும்.

இதற்காக நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவ நிலையமும், தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனையும் உள்ளன; சித்தூரினர்க்கு வேலூரும் அண்மையே.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: வலி நின்றவுடன் பயிற்சியை நிறுத்தவிடாதீர்கள். வலி தீர்வது சில வாரங்களில். வலிமை சேர்வதோ பல மாதங்களில். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பத்திற்குப் பிள்ளையின் உழைக்கும் கையே பெருஞ்செல்வம் அன்றோ?