படுக்கையறையில் பதிந்த பாட்டு

பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. ஆனாலும் வீட்டில் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால், தகரத்தில் தட்டினாற்போல் ஒலிக்கிறது. பாடியவருக்கே தம் சாரீரம் அந்நியமாகப் படுகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? இன்னும் விலை உயர்ந்த மைக் வாங்கக் கிளம்புகிறார்கள்!

கிளம்புவதற்கு முன், அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அங்கே பெயர் பெற்ற பாடகர். 1980-ல் வெளிவந்த ‘தி ரிவர்’ இசைத்தட்டை முடிப்பதற்குள், ஸ்டுடியோவில் அவருக்கு ஓராண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. அடுத்த தடவை அந்தக் காலவிரயம் வேண்டாம், பாட்டுகளை முதலில் வீட்டிலேயே பாடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவருடைய கிதார்களைக் கவனித்துவந்த உதவியாளர் ஒரு சிறிய யந்திரத்தை வாங்கி வந்தார். டியாக் கம்பெனி 1979-ல் கொண்டுவந்த யந்திரம் அது. சாதாரணக் காசெட் நாடாவிலேயே நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதியலாம்.

1982 ஜனவரித் தொடக்கம். நியூ ஜெர்ஸி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர். வாடகை வீட்டின் படுக்கையறையில், தரையில் தடித்த கம்பளம். மேடைகளில் எங்கும் காணப்படும் ரகத்தில் இரண்டு மைக்குகள். பாடகர் நாற்காலியில் உட்கார்ந்து, கிதாரையும் வாசித்துக்கொண்டு பாடினார். மிச்சமிருந்த இரண்டு தடங்களில் துணைக்குரல், கஞ்சிரா போன்ற டாம்பரின் முதலியவற்றைச் சேர்த்தார். எல்லாவற்றையும் கலந்து, ஒரு பானசோனிக் காசெட் பெட்டியில் இறக்கினார். அந்தப் பெட்டியோ ஏற்கெனவே ஒரு முறை தண்ணீரில் விழுந்து பிழைத்தது!

அந்தக் காசெட்டை உறைகூட இல்லாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு நியூயார்க்கில் பெரிய ஸ்டுடியோ, முழு வாத்தியக் கோஷ்டி, தேர்ந்த ஒலிப்பதிவாளர்கள் என்று எல்லாம் கூடி, அதே பாட்டுகளைப் பதிந்தார்கள். ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்ற பாட்டு அங்கே பிரமாதமாக அமைந்தது. 1984-ல் வெளியாகி உலகமெங்கும் ஒலித்தது. மற்றப் பாட்டுகளில் பெரும்பாலானவை மசியவில்லை. ஓசை பெருகிற்று, பாட்டில் இருந்த தனிமை போய்விட்டது.

கடைசியில் காசெட்டையே இசைத்தட்டாக்கிவிடுவது என்று தீர்மானித்தார்கள். அதுவும் சுலபமாக இல்லை. பதிவு மிகச் சன்னமாக இருந்ததால், தட்டில் வெட்டும்போது திரும்பத் திரும்பச் சிக்கல் வந்தது. பல இடங்களில் முயன்ற பிறகே சரிப்பட்டது. 1982 செப்டம்பர் 30-ல் ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

மட்டமான யந்திரம்தான் உசத்தி என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தப் பதிவில் நாடாவின் இரைச்சல் கேட்கிறது; எதிரொலியும் சற்றுத் தூக்கல்தான். ஆனால் ஒருவர் அறையில் உட்கார்ந்து நமக்காகப் பாடுகிறார் என்ற நினைப்பு வருகிறது. துப்புரவு வேறு, குழைவு வேறு.

மைக்குக்கு ஒரு காது

அந்தக் குழைவு வீட்டுப் பதிவில் ஏன் கெடுகிறது? முதல் குற்றவாளி சுவர். பாடுகிற குரல் வெறும் சுவரில் மோதி, ஒரு விநாடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் திரும்பி வந்து, அசல் குரலோடு கலந்துவிடுகிறது. எதிரில் உட்கார்ந்து கேட்பவருக்கு இது தெரிவதில்லை. இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து, வேண்டாததை ஒதுக்கிவிடுகின்றன. மைக்குக்கு ஒரே காது, ஒதுக்கத் தெரியாது. அந்தத் தகர ஓசை பெரும்பாலும் இந்தக் கலப்பால் வருவதுதான்.

பரிகாரம் வீட்டிலேயே இருக்கிறது. தடித்த ரஜாய், இலவம் பஞ்சு மெத்தை, துணி நிறைந்த திறந்த அலமாரி, எது கிடைத்தாலும் சரி. மெல்லிய ரப்பர் நுரையைச் சுவரெங்கும் ஒட்டுவதில் பயன் குறைவு. அது கீச்சுக்குரலை மட்டும் விழுங்கிவிட்டு, கனத்த ஓசையை அப்படியே விட்டுவிடும்.

மெத்தையை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். ஆனால் பாடகர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் மைக்குக்கு முதுகுப்புறம் அநேகமாகச் செவிடு. அது கேட்பது தனக்கு முன்னால் இருப்பதை. அதாவது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே மெத்தை பாடுகிறவரின் முதுகுப்பக்கம் இருக்கவேண்டும்.

மைக்கை வாயருகே வைத்தால் குரல் கனக்கும். அதிகம் நெருங்கினால் மொத்தையாகிவிடும். ஒரு சாண் தூரம் நல்ல தொடக்கம். சற்றே பக்கவாட்டில் திருப்பிவிட்டால், பகரம் வரும்போது மூச்சு குத்தாது; சகரமும் சீறாது.

நாடா செய்த உபகாரம்

பழைய பதிவுகளின் இதத்துக்கு நாடாவும் ஒரு காரணம். ஓசை எல்லை மீறும்போது நாடா அதை மெல்ல வளைத்து உருட்டிவிடும். கம்ப்யூட்டரில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. எல்லையைத் தாண்டினால் கத்தரித்தாற்போல் வெட்டிவிடும். அதனால் உச்சக் குரலும் எல்லைக்குப் பத்து டெசிபல் கீழேயே நிற்கும்படி வைத்துக்கொண்டு பதிய வேண்டும். நாடாவைப்போல் நடிக்கும் கம்ப்யூட்டர் வித்தைகள் இன்று ஏராளம். உப்புப் போடுகிற மாதிரி துளி சேர்க்கலாம்; காது குத்தும் இடத்தையும் கொஞ்சம் தணிக்கலாம். சுவர் செய்த கெடுதலை எந்த வித்தையும் முழுதாக நீக்கித் தராது.

இன்னொரு சோதனை 1997-ல் வந்தது. ‘ஆட்டோ-டியூன்’ என்ற பெயரில் சுருதியைத் திருத்தும் ஏற்பாடு. பிசகிய ஒரு ஸ்வரத்தை நேர்ப்படுத்த அது உதவும்தான். பாட்டு முழுவதும் முடுக்கிவிட்டாலோ, குரலின் வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். கமகம் உள்ள நம் சங்கீதத்துக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை. வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்கும் ஓசையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெட்டி எறிபவர்களும் உண்டு. மூச்சு விடாத மனிதர் பாடினால் எப்படி இருக்கும்?

வாத்தியத்தைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் துண்டு துண்டாகப் பதிவதைவிட, கூடியவரை சேர்ந்தாற்போல் ஒரே மூச்சில் பாடிவிடுவது நல்லது. கை தயங்கும் இடத்தில் குரலும் தயங்கும்; கை விரையும்போது குரலும் விரையும். ஸ்பிரிங்ஸ்டீனின் காசெட்டில் கேட்பது அந்த இணக்கம்தான்.

நியூயார்க் ஸ்டுடியோவில் பதிந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டியில் கிடந்த வாத்தியக் கோஷ்டிப் பதிவுகளும் 2025-ல் வெளியாகிவிட்டன. ‘அட்லாண்டிக் சிட்டி’ என்ற பாட்டு இரண்டிலும் இருக்கிறது. அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கலாம்.