உங்கள் சிபியு ஃபேனும் விமான இன்ஜினும்: ஆர்.பி.எம். எண்ணுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களுக்கு முதலில் ஒரு சிறிய வேலை. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸ் திரைக்குள் செல்லுங்கள். அங்கே ஹார்டுவேர் மானிட்டர் அல்லது பிசி ஹெல்த் ஸ்டேட்டஸ் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் சிபியு ஃபேன் ஸ்பீடு 1200 ஆர்.பி.எம். என்பது போல ஒரு எண் தெரியும். எதையும் மாற்றாமல் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஃபேன் நிமிடத்திற்கு 1200 முறை சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னது யார்? இந்தக் கேள்விக்கான பதில் தெரிந்துவிட்டால், வீட்டிலேயே கட்டிய விமானத்தின் இன்ஜினில் டாக்கோமீட்டர் பொருத்துவது எப்படி என்பதும் பாதி புரிந்துவிடும்.

விமானம் என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், தாமே வடிவமைத்த இரட்டை இறக்கை விமானத்தை சிம்சன் நிறுவனத்தில் கட்டச் செய்து, 1910 மார்ச்சில் பறக்கவிட்டுப் பார்த்தார். அந்தச் சோதனை நடந்த இடம் பல்லாவரம். அன்றும் அது செங்கல்பட்டு மாவட்டம். 2019ல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகும் செங்கல்பட்டு மாவட்டம்தான். சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நம் ஊருக்குப் புதிதல்ல.

ஃபேனில் இருக்கும் மூன்றாவது வயர்

கேபினட்டைத் திறந்தால் ஃபேனிலிருந்து மூன்று அல்லது நான்கு வயர்கள் மதர்போர்டுக்குச் செல்வதைப் பார்க்கலாம். ஒன்று 12 வோல்ட், ஒன்று கிரவுண்ட். மூன்றாவது வயர்தான் டாக்கோமீட்டர் வயர். நான்காவது இருந்தால் அது வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு.

ஃபேனுக்குள் காந்தம் சுற்றுகிறது. அருகில் ஹால் சென்சார் என்ற சிறிய சில்லு இருக்கிறது. காந்தத்தின் துருவம் மாறுவதை வைத்து, ஃபேன் ஒரு சுற்று சுற்றினால் மூன்றாவது வயரில் இரண்டு பல்ஸ் வரும். மதர்போர்டு செய்வது வெறும் கணக்கு:

ஒரு வினாடியில் வரும் பல்ஸ் x 60 ÷ ஒரு சுற்றுக்கான பல்ஸ் = ஆர்.பி.எம்.

வினாடிக்கு 40 பல்ஸ் வந்தால் 40 x 60 = 2400. அதை 2ஆல் வகுத்தால் 1200. கவனியுங்கள்: மதர்போர்டு ஃபேன் சுற்றுவதைப் பார்க்கவே இல்லை. பல்ஸை மட்டும் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு என்பதை நாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறோம். அந்த எண் தவறானால் திரையில் தெரியும் ஆர்.பி.எம்.மும் தவறுதான். ஆனால் எந்த எரர் மெசேஜும் வராது.

ரோட்டரி இன்ஜினில் என்ன குழப்பம்?

ரோட்டரி என்ற பெயரில் இரண்டு வகை இன்ஜின்கள் உண்டு. டி'ஏஞ்சலிஸ் காலத்தில் பிரான்சில் வந்த நோம் இன்ஜினில், நடுவில் உள்ள கிராங்க் ஷாஃப்ட் நிற்க, ஏழு சிலிண்டர்களும் புரொப்பெல்லருடன் சேர்ந்து சுற்றும். இன்று ரோட்டரி என்றால் வான்கல் இன்ஜின். இதில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று அறைக்குள் சுழலும். நம் நாட்டிலேயே தயாரான 55 குதிரைசக்தி வான்கல் இன்ஜின், நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தில் 2009ல் கோலார் அருகே பறந்திருக்கிறது. வெளிநாடுகளில் சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் பலர் மாஸ்டா காரின் 13பி என்ற இரண்டு ரோட்டர் இன்ஜினைப் பொருத்துகிறார்கள்.

இதில் ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ்? ரோட்டருக்கு மூன்று பக்கம் இருப்பதால் மூன்று என்று சொல்லத் தோன்றும். அது தவறு. ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றிவிடும். எனவே ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு, ஒரு ரோட்டருக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரியும். எளிதாக நினைவில் வைக்க:

1. ஒரு ரோட்டர் வான்கல்: சுற்றுக்கு 1
2. இரண்டு ரோட்டர் வான்கல்: சுற்றுக்கு 2
3. நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் கார்: சுற்றுக்கு 2
4. ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் கார்: சுற்றுக்கு 3

ஆகவே 13பி இன்ஜினுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண டாக்கோமீட்டரை வாங்கி, 4 சிலிண்டர் செட்டிங்கில் வைத்தால் போதும். ஆனால் சிக்னலை எந்தக் காயிலிலிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பல 13பி இன்ஜின்களில் லீடிங் காயில் இரண்டு ரோட்டருக்கும் பொதுவாகச் சுற்றுக்கு 2 முறை ஸ்பார்க் கொடுக்கும். டிரெய்லிங் காயில் ஒவ்வொன்றும் 1 முறைதான்.

தவறினால் என்ன ஆகும்? டாக்கோமீட்டர் 6 சிலிண்டர் செட்டிங்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் 6000ல் சுற்றும்போது மீட்டர் 4000 காட்டும். இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது என்று நினைத்து பைலட் திராட்டிலைத் தள்ளுவார். இன்ஜின் தாங்க வேண்டிய எல்லையைத் தாண்டிவிடும். காரில் இப்படி நடந்தால் ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் ஓரம் கிடையாது.

அதனால்தான் இரண்டாவது கருவியால் சரிபார்க்கிறார்கள். ஒளியை வைத்து எண்ணும் ஆப்டிகல் டாக்கோமீட்டரைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று, புரொப்பெல்லரை நோக்கிப் பிடிப்பார்கள். 13பி இன்ஜினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் ரிடக்ஷன் கியர் இருக்கும். அது 2.85 என்றால், புரொப்பெல்லர் 2000 காட்டும்போது இன்ஜின் மீட்டர் 5700 காட்ட வேண்டும். இதிலும் அதே கேள்விதான்: இரண்டு பிளேடு என்றால் கருவியில் 2 என்று வைக்க வேண்டும். இந்தச் சோதனையைப் பகல் வெளிச்சத்தில் செய்வது நல்லது. நம் ஊர் டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மின்னுவதால், கருவி அதையே எண்ணி 3000 என்று காட்டிவிடும்!

வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம்

விமானம் இல்லாவிட்டால் பரவாயில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் ஃபைபர் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு சிலிண்டர் டீசல் இன்ஜின் பொருத்திய படகு ஒன்றில் நான் சோதித்தேன். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லாததால் காயிலில் சிக்னல் எடுக்க முடியாது. எனவே சத்தத்தையே எண்ணினேன். வழிமுறை இதோ:

1. மொபைலில் 10 வினாடி இன்ஜின் சத்தத்தை ரெக்கார்டு செய்யுங்கள். வேவ் ஃபைலாக சேவ் செய்வது நல்லது.
2. அதைக் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறக்கவும்.
3. கன்ட்ரோல் கீயுடன் 1ஐத் தட்டித் தட்டிப் பெரிதாக்கவும். மலை உச்சிகள் போல வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு உச்சியும் ஒரு வெடிப்பு.
4. மவுஸால் சரியாக 2 வினாடியை செலக்ட் செய்து உச்சிகளை எண்ணவும்.

எனக்கு 48 உச்சிகள் வந்தன. வினாடிக்கு 24. 60ஆல் பெருக்கி 1440 என்று படகுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். இன்ஜின் பிளேட்டில் 3000 என்று போட்டிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"முழு வேகத்துல வச்சேனே. அப்ப இன்ஜின் பாதிதான் வேலை செய்யுதா தம்பி? கழட்டிப் பாத்துடணுமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று மறுபடி யோசித்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அதாவது சுற்றுக்கு அரை பல்ஸ். 1440ஐ அரையால் வகுத்தால் 2880. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. என் கணக்குதான் தப்பு. அவர் அவசரப்பட்டு மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தால், சில நாள் கடலுக்குப் போகாமல் வருமானம் போயிருக்கும்.

கவனிக்கவும்: இக்னிஷன் காயில் வயரை எக்காரணம் கொண்டும் கம்ப்யூட்டரின் மைக் சாக்கெட்டில் இணைக்காதீர்கள். அதில் சில நூறு வோல்ட் எகிறும். சவுண்ட் கார்டு போய்விடும், உங்களுக்கும் ஷாக் அடிக்கும். ஓடும் இன்ஜினிலிருந்து தள்ளி நின்றே ரெக்கார்டு செய்யுங்கள்.

ஃபேனோ, படகோ, விமானமோ, மீட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ்? இன்றிரவு உங்கள் மேசை ஃபேன் சத்தத்தை ரெக்கார்டு செய்து எண்ணிப் பாருங்கள். மூன்று இறக்கை என்றால் எதால் வகுக்க வேண்டும் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.