மூன்று நகல்கள், மூன்று இடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. பத்தாம் வகுப்பில் மெல்லக் கற்கும் மாணவர்களுக்காக ஐந்து ஆண்டுகளாக நான் தயாரித்த கணிதப் பயிற்சித்தாள்கள் மடிக்கணினியில் இருந்தன. பென் டிரைவிலும் ஒரு நகல் வைத்திருந்தேன். ஆனால் இரண்டும் ஒரே பையில் இருந்தன. பை நீரில் மூழ்கிவிட்டது. அரையாண்டுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. பட்டாபிராமில் பணிபுரியும் ஆசிரிய நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த கோப்புகளும், முன்னாள் மாணவர் ஒருவர் பத்திரப்படுத்தியிருந்த அச்சுத்தாள்களும் கைகொடுத்தன. பாதிதான் மீண்டது.

நகல் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்று அன்று புரிந்தது. கோடிக்கணக்கானோருக்குக் கோப்புகளை வழங்கும் பெரிய கணினி அமைப்புகளின் அடிப்படையும் இதுதான்.

சுவடிகள் சொல்லும் பாடம்

ஓலைச்சுவடி செல்லரிக்கும், ஆகவே நம் முன்னோர் படியெடுத்துக்கொண்டே இருந்தனர். பல ஊர்களில் படிகள் இருந்ததால்தான் உ.வே.சாமிநாதையர் அவற்றைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, பாடபேதங்களை ஆராய்ந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை மீளவே இல்லை.

கணினிகள் எப்படிக் காக்கின்றன?

தன் கோப்பு அமைப்பு பற்றி 2003இல் கூகுள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கணினிகள் இருக்கும் இடத்தில் ஏதேனும் ஒன்று பழுதாவது அன்றாட நிகழ்வு என்று எடுத்துக்கொண்டே அதை வடிவமைத்தார்கள். பெரிய கோப்பு 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று நகல்கள் வெவ்வேறு கணினிகளில் இருக்கும். ஒரு கணினி நின்றுபோனால், மற்ற நகல்களிலிருந்து புதிய நகல் தானாக உருவாகும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்கள் உண்டு. தரவு சிதைந்தால் எண் பொருந்தாது, பிழை தெரிந்துவிடும்.

எந்தத் துண்டு எங்கே உள்ளது என்ற பட்டியலும் வேண்டும். 1999இல் தொடங்கிய நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வுச் சேவையில் பாடல்கள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. பட்டியல் மட்டும் நிறுவனத்தின் மையக் கணினிகளில் இருந்தது. பதிப்புரிமை வழக்கால் 2001இல் அந்த மையம் நின்றதும், பாடல்கள் அப்படியே இருந்தும் பகிர்வு நின்றுபோனது. பட்டியலுக்கும் நகல் தேவை.

கேட்போர் பெருகினால்?

ஒரு குறிப்பைப் பார்த்தெழுதப் பத்து நிமிடம் ஆகும் என்று கொள்வோம். ஒரே தாள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். 31 பேர் எழுதி முடிக்க 310 நிமிடம் ஆகும். ஆனால் எழுதி முடித்தவர் ஒவ்வொருவரும் தம் தாளை அடுத்தவருக்குக் கொடுத்தால்? 1, 2, 4, 8, 16, 32 எனத் தாள்கள் பெருகும். ஐம்பதே நிமிடத்தில் எல்லோரிடமும் குறிப்பு இருக்கும். பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டொரன்ட் இதே முறையில்தான் இயங்குகிறது. அதில் கோப்பைப் பெறுபவரே, கிடைத்த துண்டுகளைப் பிறருக்கு வழங்கவும் செய்கிறார்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு பத்தியை நான்கு துண்டுகளாக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் மூன்று மாணவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மொத்தம் 12 பேர். யாரேனும் இருவரை வெளியே அனுப்புங்கள். மீதிப் பேரால் பத்தியை முழுமையாகச் சேர்க்க முடியும்.

அடுத்து, ஒரே துண்டை வைத்திருக்கும் மூவரையும் ஒரே பெஞ்சில் அமர்த்தி, அந்தப் பெஞ்சை முழுதாக வெளியே அனுப்புங்கள். பத்தி நிறைவடையாது. காரணத்தை மாணவர்களே சொல்லட்டும். பிறகு, ஒருவரை மட்டும் இரகசியமாக ஒரு சொல்லை மாற்றி எழுதச் செய்யுங்கள். மூன்று நகல்களையும் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு நல்ல விளையாட்டு.

நம் பள்ளியில்

வினாத்தாள்கள், பயிற்சித்தாள்கள், செயல்திட்டப் படங்கள் ஆகியவற்றுக்குப் பள்ளிக் கணினியில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று, வேறு ஊரில் வசிக்கும் ஆசிரியரிடம் ஒன்று என மூன்று நகல்கள் வைக்கலாம். ஒரு கோப்பைத் திருத்தும் பொறுப்பு ஒருவருக்கே இருக்கட்டும். கோப்பின் பெயரில் தேதியும் இருந்தால், பழைய நகல் எது, புதியது எது என்ற குழப்பம் வராது. எது எங்கே உள்ளது என்பதை ஒரு பதிவேட்டிலும் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை நகல்களைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. மாணவர்களின் தனிப்பட்ட விவரங்களை மட்டும் இப்படிப் பகிர வேண்டாம்.

என் பயிற்சித்தாள்கள் இப்போது பள்ளிக் கணினியிலும், இணையத்திலும், பட்டாபிராம் நண்பரிடமும் உள்ளன. அவர் தம் மாணவர்களுக்கும் அவற்றைப் பயன்படுத்துகிறார். சென்ற பருவத்தில் இரண்டு தாள்களில் என் பிழைகளையும் திருத்திக் கொடுத்தார்.