முதல் ஹேம் ரேடியோ: கைக்காசுக்கு ஏற்றது எது?

"சார், இந்த செட்டை வாங்கினா உலகம் பூரா பேசலாமாம். அப்பா போனஸ் காசுல வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாரு!"

முன்பு என்னிடம் படித்து, இப்போது நான்காம் படிவத்தில் இருக்கும் பையன் ஒருவன் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். விலையைப் பார்த்தேன்; அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே இருந்தது. "கொஞ்சம் பொறு தம்பி" என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். மற்றப் பெற்றோருக்கும் பயன்படட்டும்.

ஹேம் ரேடியோ என்னும் அமெச்சூர் வானொலி, பாட்டுக் கேட்கும் பெட்டி அன்று. அதில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். இடையில் எந்தக் கம்பெனியின் கோபுரமும் வேண்டியதில்லை. அதன் அருமை ஆபத்து வேளையில்தான் தெரியும். பேராக் ஆற்றங்கரையில் வாழும் நாம் 1926, 1967 ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள். 2014 டிசம்பரில் கிளந்தானில் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோனதையும் கண்டோம்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26 அன்று அந்தமானை ஆழிப்பேரலை தாக்கியது. அந்த வேளையில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் தங்கி, உலக அமெச்சூர்களோடு பொழுதுபோக்காகப் பேசிக்கொண்டிருந்தார். தொலைபேசிகள் ஊமையானதும் அதே கருவிகள் தீவுகளின் செய்தியைத் தாய்நிலத்துக்குக் கொண்டுசென்றன. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது இதுதான்.

சரி, எதை வாங்குவது? முதல் வெள்ளியைக் கருவிக்குக் கொடுக்காதீர்கள், உரிமத்துக்குக் கொடுங்கள். நம் நாட்டில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்ற பிறகே பேசலாம். உரிமம் இன்றிப் பேசுவது குற்றம். தேறியவருக்கு உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். தீபகற்பத்தில் 'பி' வகுப்பினரின் குறி '9 டபிள்யூ 2' என்று தொடங்கும். 2007இல் விண்வெளிக்குச் சென்ற நம் நாட்டு மருத்துவர் ஷேக் முஸாபரின் குறியும் அப்படித்தான் தொடங்கியது. எந்த வகுப்புக்கு எந்த அலைகள் அனுமதி என்பது தெரியாமல் கருவி வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போல.

அடுத்த கேள்வி: யாரோடு பேசப் போகிறீர்கள்? சுற்றுவட்டாரத்தாரோடு பேச 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 'இரண்டு மீட்டர்' அலை போதும். இதற்கான சீனக் கைக்கருவிகள் நூறு, இருநூறு வெள்ளிக்குள் கிடைக்கின்றன. அவற்றின் ஆற்றல் சுமார் 5 வாட். கடல் கடந்து பேசச் சிற்றலைக் கருவி வேண்டும்; அதற்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு முதற்படி கைக்கருவியே. எதை வாங்கினாலும் சிரிம் சோதித்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

'ஐந்து வாட் எந்த மூலைக்கு?' என்பீர்கள். இரண்டு மீட்டர் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. தரையில் நின்று பேசினால், சமவெளியிலும் சுமார் 5 கிலோமீட்டரில் அதற்கு அடிவானம் வந்துவிடும். ஏரியலை மட்டும் 30 அடி உயரத்துக்கு ஏற்றினால் அதுவே 12 கிலோமீட்டர் ஆகும். எதிராளியின் ஏரியலும் உயரத்தில் இருந்தால் தூரம் இன்னும் கூடும். மேற்கே புபு மலை மறைக்கும் நம் ஊரில் வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதே புத்தி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா?

நல்ல ஏரியலை வீட்டிலேயே செய்யலாம். செங்குத்தாக ஒரு செப்புக் கம்பி, அதன் அடியில் சரிவாக நான்கு கம்பிகள். ஒவ்வொன்றும் சுமார் அரை மீட்டர். கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை மேல் கம்பியிலும், வெளிப்பின்னலை மற்ற நான்கிலும் சேர்த்து, மூங்கில் கழியில் ஏற்றுங்கள். பேசுமுன் அனுபவசாலி ஒருவரின் மீட்டரால் நீளத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பிக்கு அருகில் மட்டும் வேண்டவே வேண்டாம்; குலை வெட்டும் அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இடி முழங்குமுன் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 100 வாட் சிற்றலைக் கருவி ஒன்றை அவசரப்பட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அதற்கு 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் வரை தரும் மின்வழங்கி தனியே வேண்டும் என்று தெரிந்தது. அதற்குக் காசில்லை. பல மாதங்கள் அது அலமாரியில் தூங்கியது. என் மனைவி அதன்மேல் பூச்சாடி வைத்தார்! ஆகவே பழைய கருவி வாங்கினால், அது பேசுவதைக் கண்ணாரக் கண்டு, மின்வழங்கி, மைக், கேபிள் எல்லாவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே காசை எடுங்கள்.

கையில் காசு குறைந்தால் மூளையைச் செலவிடலாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற சிற்றலைக் கருவியை வடிவமைத்தார். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண உறுப்புகளே அதற்குப் போதும். கம்பிச்சுருள் சுற்றக்கூடத் தண்ணீர்க் குழாயின் வாஷர்! அதைப் பார்த்து எத்தனையோ நாடுகளில் அமெச்சூர்கள் தாங்களே கருவி செய்துகொண்டார்கள்.

அந்தப் பையன் என்ன செய்தான்? போனஸ் காசு வங்கியில் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் உரிமம் பெற்ற நண்பர் ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறான், தேர்வுக்குப் படிக்கிறான். போன வாரம் தகப்பனாரும் கூட வந்திருந்தார். இரைச்சலுக்கு நடுவே தூரத்துக் குரல் ஒன்று தெளிவாக ஒலித்தபோது, அவர் மெல்ல என்னிடம் கேட்டார்:

"சார், இந்தத் தேர்வை என்னைப் போல வயசானவங்களும் எழுதலாங்களா?"

"தாராளமா எழுதலாம்" என்றேன்.